மிதிவண்டியின் கியர் மாற்றி இறுகுதல்: காரணமும் பரிகாரமும்

மேட்டுப் பாங்கான வட்டாரங்களில் பணியாற்றும் களப்பணியாளருக்கு மிதிவண்டியின் கியர் ஓர் அலங்காரப் பொருளன்று. ஏற்றத்தில் கால்களின் சுமையைக் குறைக்கும் கருவி அது. ஏற்றத்தின் அடிவாரத்தை அடைந்ததும் அவர் கைப்பிடியருகேயுள்ள நெம்புகோலைப் பெருவிரலால் தள்ளுகிறார். அது அசைய மறுக்கிறது. மேலும் அழுத்துகிறார், விரல் வலிக்கிறதே தவிரச் சங்கிலி இடம் மாறுவதில்லை. இறுதியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். சில நாட்களுக்குப் பின்னர் அவ்வண்டி, 'கியர் போய்விட்டது' என்ற தீர்ப்புடன் அலுவலகத் தாழ்வாரத்திலோ பள்ளிக் கொட்டகையிலோ சாய்த்து வைக்கப்படுகிறது.

இத்தீர்ப்பு பல சமயங்களில் பிழையானது. உறுப்பு எதுவும் உடைந்திராது; தேய்ந்தும் இராது. உள்ளே இடப்பட்ட கிரீஸ் காலப்போக்கில் பசையாகியிருக்கும்; அல்லது கேபிளின் உள்ளே துருவும் சேறும் புகுந்திருக்கும். இவ்விரண்டும் சிறிது பொறுமையும் சிறிது எண்ணெயும் கொண்டு நீக்கத்தக்கவை. ஆயினும், பரிகாரத்தைத் தொடங்குமுன் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும்: இறுக்கம் உணரப்படும் இடம் கைவிரல், இறுக்கம் உண்டாகும் இடம் வேறொன்றாக இருக்கலாம். அவ்விடத்தை முதலில் கண்டறிவதே பழுதுபார்த்தலின் பாதிப் பணியாகும்.

உறுப்புகள் மூன்று

கியர் மாற்றும் அமைப்பில் மூன்று உறுப்புகள் ஒன்றையொன்று தொடர்ந்து இயங்குகின்றன. முதலாவது, கைப்பிடியருகே பொருத்தப்பட்ட கியர் மாற்றி. பட்டறைகளில் இதனை ஷிஃப்டர் என்பர். நெம்புகோலைத் தள்ளும்போது இதனுள் இருக்கும் சிறிய உருளை சுழன்று, கம்பியைத் தன்மீது சுற்றிக்கொள்கிறது.

இரண்டாவது, கேபிள். இது இரு பகுதிகளை உடையது. உள்ளே ஓடுவது இன்னர் எனப்படும் முறுக்குக் கம்பி. அதனைப் போர்த்தியிருப்பது அவுட்டர் எனப்படும் உறை. உள்கம்பி இழுக்கப்படும்போது உறை அதே அளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், வளைந்த பாதையிலும் இழுப்பு மறுமுனையை அடைகிறது. எர்னஸ்ட் பௌடன் என்பார் 1896-ஆம் ஆண்டில் இத்தகைய கேபிளுக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். இக்காரணம் பற்றி இஃது இன்றும் பௌடன் கேபிள் என வழங்கப்படுகிறது.

மூன்றாவது, பின் சக்கரத்தருகே தொங்கும் சங்கிலி நகர்த்தி. இதனைப் பட்டறையில் டிரெய்லியர் என்பர். நான்கு மூட்டுகளையுடைய இணைகர வடிவச் சட்டமும், அதனை ஒரு பக்கமாக இழுத்து நிற்கும் சுருள்வில்லும் இதன் முதன்மையான பகுதிகள். கம்பி இழுக்கும்போது இது சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தை நோக்கி நகர்த்துகிறது. வழக்கமான அமைப்பில் கம்பி தளரும்போது சுருள்வில் சங்கிலியைச் சிறிய பற்சக்கரத்திற்கு மீட்கிறது.

இங்கு ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கம்பியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ஆகவே ஒரு திசையில் இயக்குவது மனிதனின் விரல். எதிர்த்திசையில் இயக்குவது வில் ஒன்றே. விரல் வேண்டுமளவு கூடுதல் விசையைத் தரவல்லது; வில்லோ தனக்குள்ள விசைக்கு மேல் தராது. எனவே கேபிளில் உராய்வு மிகும்போது, சிறிய பற்சக்கரத்திற்குச் சங்கிலி தாமதமாகத் திரும்புதலே பெரும்பாலும் முதலில் தோன்றும் அறிகுறி. நெம்புகோல் கனப்பது அதற்குப் பின்னரே உணரப்படுகிறது.

சொடுக்கு முறையும் அதன் நுண்ணமைப்பும்

பல பற்சக்கரங்களுக்கிடையே சங்கிலியை மாற்றும் முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வளர்ந்தது. சேந்த்-எத்தியேன் நகரைச் சேர்ந்த போல் தெ விவி என்பார் அதற்காக இடைவிடாது வாதாடினார். எனினும் பந்தய அமைப்பாளர்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. புகழ்பெற்ற தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் இக்கருவி 1937-ஆம் ஆண்டில்தான் அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டது.

அக்காலக் கியர் மாற்றி மிக எளியது. ஒரு நெம்புகோலும், அதனை இறுக்கிப் பிடிக்கும் ஒரு திருகும் மட்டுமே அதில் இருந்தன. திருகு உண்டாக்கும் உராய்வே சுருள்வில்லின் இழுப்பை எதிர்த்து நெம்புகோலை நிறுத்தி வைத்தது. சங்கிலி உரிய இடத்தை அடைந்ததை ஓட்டுபவர் காதாலும் காலாலும் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒவ்வொரு பற்சக்கரத்திற்கும் ஒரு சொடுக்கு என்ற முறைக்குப் பல முயற்சிகள் நடந்தன. எனினும் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பிற்குப் பின்னரே அம்முறை உலகெங்கும் பரவியது. இன்று கடைகளில் கிடைக்கும் கியர் மிதிவண்டிகளில் பெரும்பாலானவை இம்முறையைச் சேர்ந்தவை.

சொடுக்கு முறை ஓட்டுபவருக்கு எளிமை தந்தது. கருவிக்குள்ளோ நுண்ணுறுப்புகளைப் பெருக்கியது. உருளையுடன் இணைந்து, சாய்ந்த பற்களையுடைய ஒரு வட்டு சுழல்கிறது. இதனைப் பல்வட்டு எனலாம். அதன் பற்களில் இரு சிறு நாக்குகள் பொருந்துகின்றன. ஒரு நாக்கு பல்வட்டைத் தள்ளுகிறது; மற்றொன்று அது பின்வாங்காமல் தாங்குகிறது. ஒவ்வொரு நாக்கையும் பல்லின்மீது அழுத்தி வைப்பது மிக மெல்லிய வில். பெடலை நிறுத்தியபின் ஓடும் மிதிவண்டியின் பின் சக்கரத்திலிருந்து எழும் 'டிக் டிக்' ஒலியை அனைவரும் கேட்டிருப்பர். ஃப்ரீவீலுக்குள் நாக்குகள் பற்களின்மீது ஏறி விழும் ஒலி அது. கியர் மாற்றியில் நிகழ்வதும் அதே தத்துவம். உறுப்புகளே மிகச் சிறியவை.

கிரீஸ் ஏன் பசையாகிறது?

கிரீஸ் என்பது ஒரே பொருளன்று. திரவ எண்ணெயும், அதனைத் தாங்கி நிற்கும் கெட்டிப்பொருளும் சேர்ந்த கலவை அது. இக்கெட்டிப்பொருள் பெரும்பாலும் லித்தியம் அல்லது கால்சியம் கலந்த சோப்பு வகையாகும். நீரை ஏந்திய பஞ்சைப்போல் சோப்பு எண்ணெயை ஏந்தி நிற்கிறது. வழுக்கும் வேலையைச் செய்வது எண்ணெய். அது வழிந்தோடாமல் காப்பது சோப்பு.

ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெயின் ஒரு பகுதி மெல்லக் கசிந்து வெளியேறுகிறது; ஒரு பகுதி ஆவியாகிறது; எஞ்சிய பகுதி காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கெட்டியாகிறது. வெப்பம் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. கோடை வெயிலில் நாள் முழுதும் நிற்கும் வண்டியின் கிரீஸ், நிழலில் நிற்கும் வண்டியின் கிரீஸைவிட விரைவில் கெடுவதில் வியப்பில்லை. இதனுடன் சாலைப் புழுதியும் கலக்குமாயின், இறுதியில் மெழுகை ஒத்த பசையே மிஞ்சுகிறது. அதிகம் ஓட்டப்படாது சும்மா நிற்கும் வண்டியிலும் இது நிகழும்.

இப்பசை இருவேறு குறிகளைத் தோற்றுவிக்கிறது. நெம்புகோலின் அச்சில் பசை இருப்பின் நெம்புகோல் கனக்கிறது. தள்ளிய பின் தானாகத் திரும்புவதுமில்லை. நாக்கின் அச்சில் பசை இருப்பினோ, மெல்லிய வில்லால் நாக்கைப் பல்லின்மீது அழுத்த இயலாது போகிறது. அப்போது நெம்புகோல் எளிதாகவே நகர்கிறது. ஆனால் எதனையும் பற்றாமல் வெறுமனே ஆடுகிறது. முதற்குறியைக் கண்டவர் 'இறுகிவிட்டது' என்பர்; இரண்டாவதைக் கண்டவர் 'உள்ளே உடைந்துவிட்டது' என்பர். இரண்டிற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். வெற்றாக ஆடும் கியர் மாற்றியைக் கழுவிப் பார்க்காமல் எறிதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வளைவும் உராய்வும்

கேபிளில் உராய்வு எவ்வாறு பெருகுகிறது என்பதனைக் கணக்கால் விளக்கலாம். படகோட்டி கரையிலுள்ள கம்பத்தில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு கையால் பற்றிக்கொண்டே பெரிய படகை நிறுத்துகிறார். ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு, இழுப்பைப் பன்மடங்காக்குகிறது. கணித அறிஞர் லியோனார்ட் ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்தார். வளைவின் மொத்தக் கோணமும் உராய்வுக் குணகமும் தெரிந்தால், ஒரு முனையிலுள்ள இழுப்பு மறுமுனையில் எத்தனை மடங்காகும் என்பதைக் கணிக்கலாம்.

கியர் கேபிளும் உறைக்குள் வளைந்து செல்லும் கயிறேயாகும். கைப்பிடியருகே உள்ள வளைவுகளையும், பின் சக்கரத்தருகே உள்ள பெரிய வளைவையும் சேர்த்து மொத்தம் 360 பாகை என வைத்துக்கொள்ளலாம். உராய்வுக் குணகம் 0.1 ஆயின், சுருள்வில்லின் இழுப்பைப்போல் ஏறக்குறைய 1.9 மடங்கு விசை முன்முனையில் தேவைப்படும். அழுக்கு சேர்ந்து குணகம் 0.2 ஆகுமாயின், தேவைப்படும் விசை ஏறக்குறைய 3.5 மடங்காகும். உராய்வு இருமடங்கானால் விளைவு இருமடங்கோடு நிற்பதில்லை. முந்தைய மடங்கின் வர்க்கமாகிறது. வளைவின் கோணம் இருமடங்கானாலும் இதுவே நிகழும். 180 பாகை வளைவில் 0.1 குணகத்திற்கு 1.4 மடங்காக இருப்பது 360 பாகையில் 1.9 மடங்காகிறது.

திரும்பும் திசையில் நிலைமை தலைகீழாகிறது. வில்லின் இழுப்பில் 3.5-இல் ஒரு பங்கே முன்முனையை அடைகிறது. அங்கே கம்பி சுற்றிய உருளையில் சிறிது பசை இருப்பினும், அதனைச் சுழற்ற அவ்வெஞ்சிய இழுப்பு போதாமற்போகலாம். கேபிளின் குற்றமும் கியர் மாற்றியின் குற்றமும் இவ்வாறு ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

குற்றம் எவ்விடத்தில்? மூன்று சோதனைகள்

மூன்று உறுப்புகளையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தால் ஐயம் நீங்கும். பல வண்டிகளில் இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

ஒருவர் இருக்கையைப் பற்றிப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துக. மற்றொருவர் பெடலைக் கையால் சுழற்றிக்கொண்டே, சங்கிலியை மிகப் பெரிய பின் பற்சக்கரத்திற்கு மாற்றுக. பின்னர்ச் சக்கரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு, பெடலைச் சுழற்றாமலேயே, கியர் மாற்றியை மட்டும் சிறிய பற்சக்கரத்திற்குரிய நிலைவரை சொடுக்குக. சங்கிலி இடம் மாற இயலாததால் கம்பி முழுவதும் தளர்ந்துவிடும். வண்டிச் சட்டத்தில் கேபிளைத் தாங்கும் நிறுத்தங்கள் பிளவுடையனவாயின், அவுட்டரை அவற்றிலிருந்து எளிதாக வெளியே எடுக்கலாம். நிறுத்தங்கள் பிளவற்றனவாயினும், கியர் மாற்றி சிறிதும் அசையாததாயினும், சங்கிலி நகர்த்தியில் கம்பியைப் பற்றியிருக்கும் திருகைத் தளர்த்திக் கம்பியை விடுவித்தல் வேண்டும்.

முதற்சோதனை கியர் மாற்றிக்குரியது. வெளியே தெரியும் உள்கம்பியை ஒரு கையால் இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் நெம்புகோல்களை இயக்குக. ஒவ்வொரு சொடுக்கும் தெளிவாகக் கேட்குமாயின் கியர் மாற்றி குற்றமற்றது. கனத்தாலும், வெற்றாக ஆடினாலும் குற்றம் அதனுள்ளேயே உள்ளது.

இரண்டாம் சோதனை கேபிளுக்குரியது. தளர்ந்த அவுட்டர்த் துண்டுகளை உள்கம்பியின்மீது முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க. அவை தம் எடையாலேயே வழுக்கிச் செல்லுதல் வேண்டும். எங்கேனும் சிக்கினால் அவ்விடத்தில் துருவோ, சேறோ, அறுந்த இழையோ இருக்கும். சங்கிலி நகர்த்திக்கு அருகிலுள்ள கடைசித் துண்டை முதலில் பார்த்தல் நன்று. அது தாழ்வாக இருப்பதாலும், சக்கரம் வாரி இறைக்கும் நீரும் சேறும் அதன்மீது படுவதாலும், மழைக்காலத்தில் அதுவே முதலில் கெடுகிறது.

மூன்றாம் சோதனை சங்கிலி நகர்த்திக்குரியது. தளர்ந்த கம்பி சக்கரத்தில் சிக்காதவாறு ஒதுக்கி, பெடலை மெல்லச் சுழற்றிச் சங்கிலி சிறிய பற்சக்கரத்திற்கு இறங்குமாறு செய்க. ஒருவர் பெடலை மெல்லச் சுழற்ற, மற்றொருவர் சங்கிலி நகர்த்தியின் வெளிச்சட்டத்தை உள்நோக்கித் தள்ளி விடுக. விட்டவுடன் அது விரைந்து திரும்புதல் வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் அதன் மூட்டுகளில் அழுக்கு சேர்ந்துள்ளது. துடைத்து ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி எண்ணெய் இட்டால் போதும். இச்சோதனையில் விரல்கள் சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும் இடையே செல்லாதவாறு மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

கேபிளைச் சீர்செய்தல்

கம்பியில் இலேசான அழுக்கு மட்டுமே இருப்பின், துணியால் துடைத்து மெல்லிய எண்ணெயைத் தடவி மீண்டும் பொருத்தலாம். துரு ஏறியிருந்தாலும், ஓர் இழையேனும் அறுந்திருந்தாலும், அவுட்டர் நசுங்கியிருந்தாலும் புதிதாக மாற்றுவதே முறை. கேபிள் விலை குறைந்த உறுப்பு. அதனைக் காக்க முயன்று நாளை வீணாக்குதல் சிக்கனமன்று.

புதிது வாங்கும்போது கியருக்குரியதைக் கேட்டு வாங்குதல் வேண்டும். கியர் கம்பியின் விட்டம் பெரும்பாலும் 1.2 மி.மீ.; பிரேக் கம்பியின் விட்டம் ஏறக்குறைய 1.5 அல்லது 1.6 மி.மீ. உறையின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. பிரேக் உறை சுருளாகச் சுற்றிய உலோகத்தால் ஆனது. சொடுக்கு முறைக் கியர் உறையிலோ உலோக இழைகள் நீளவாக்கில் செல்கின்றன. சுருள் உறை அழுத்தத்தில் சிறிது குறுகுவதால், அதனைக் கியருக்குப் பயன்படுத்தின் சொடுக்குகள் துல்லியம் இழக்கும். நீளவாட்டு இழை உறையைப் பிரேக்கிற்குப் பயன்படுத்துவதோ ஆபத்தானது. பிரேக்கின் பெருவிசையில் அது வெடித்துப் பிளக்கக்கூடும். இம்மாற்றத்தை எக்காரணம் பற்றியும் செய்தல் கூடாது.

அவுட்டரை வெட்டியபின் அதன் முனையை அரத்தால் சமன் செய்து, உள்ளேயுள்ள பிளாஸ்டிக் குழாயின் வாயை ஊசியால் திறந்து, முனைக் குப்பியை அணிவித்தல் வேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபடாத அளவு நீளம் தேவை; ஆயினும் தேவையற்ற வளைவுகள் கூடா. வளைவு கூடினால் உராய்வு எவ்வாறு பெருகும் என்பது மேலே கணக்கால் காட்டப்பட்டது.

கியர் மாற்றியைக் கழுவுதல்

இதற்குத் தேவையானவை: சிறிய திருப்புளி, பழந்துணி, பழைய பல்துலக்கும் பிரஷ், மெல்லிய மூக்குடைய எண்ணெய்க் குப்பி அல்லது ஊசியற்ற சிரிஞ்சு, பசையைக் கரைக்கும் திரவம், தையல் யந்திர எண்ணெய். கரைக்கும் திரவமாக மண்ணெண்ணெய், அல்லது பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன், அல்லது குப்பியிலிருந்து பீச்சும் துரு நீக்கி எண்ணெய் பயன்படும்.

முதலில் வண்டியைச் சிறிது நேரம் வெயிலில் நிறுத்துக. வெப்பத்தில் பசை இளகும். பின்னர் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்திற்குக் கொண்டுவந்து வேலையைத் தொடங்குக. இத்திரவங்கள் தீப்பற்றக்கூடியவை, அருகில் அடுப்போ விளக்கோ பீடியோ இருத்தல் கூடாது.

கியர் மாற்றியின் மேல்மூடியைத் திருகு நீக்கித் திறக்க. மூடிக்குக் கீழேயுள்ள அமைப்பைக் கழற்றுதல் வேண்டா. அதிலுள்ள மெல்லிய வில்கள் தெறித்து வீழ்ந்தால் மீண்டும் பொருத்துவது அனுபவமுள்ள மெக்கானிக்கிற்கே கடினம். கழற்றாமலேயே கழுவுதல் இம்முறையின் சிறப்பாகும்.

கீழே துணி விரித்து, டயரிலும் பிரேக் கட்டைகளிலும், பிரேக் வட்டு இருப்பின் அதன்மீதும் திரவம் படாதவாறு மறைத்துக்கொள்க. நாக்குகள், அச்சுகள், வில்கள் ஆகியவற்றின்மீது திரவத்தைத் துளித்துளியாகச் செலுத்துக. கால் மணி நேரம் ஊறவிட்டு, நெம்புகோல்கள் இரண்டையும் பலமுறை மெல்ல இயக்குக. பழுப்பு நிறத் திரவம் வழியும். அதனைத் துடைத்துவிட்டு மீண்டும் செலுத்துக. முதல் முறையிலேயே பயன் தெரியாவிடில் மனந்தளர வேண்டா. பல ஆண்டுப் பசை ஒரே நாளில் கரையாதிருக்கலாம். திரவத்தில் ஊறவிட்டு மறுநாள் தொடர்வதும் உண்டு. வெற்றாக ஆடிக்கொண்டிருந்த நெம்புகோல் திடீரென ஒரு சொடுக்குடன் பற்றுமாயின், நாக்கு விடுபட்டது என்பது பொருள்.

வழியும் திரவம் தெளிவானதும், உள்ளே நன்கு உலரவிடுக. கரைக்கும் திரவம் பழைய பசையுடன் வழவழப்பையும் நீக்கிவிடுவதால், அவ்வாறே விட்டுவிட்டால் சில வாரங்களில் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். ஆகவே ஒவ்வோர் அச்சிலும் நாக்கிலும் ஓரிரு துளி தையல் யந்திர எண்ணெய் இடுதல் இன்றியமையாதது. கனத்த கிரீஸை மீண்டும் திணித்தல் கூடாது. மெல்லிய வில்லால் அதனை எதிர்த்து இயங்க இயலாது.

கைப்பிடியோடு சேர்த்துத் திருகி மாற்றும் வகைக் கியர் மாற்றியில் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கின்மீது உரசுகிறது. அதற்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிகோன் கிரீஸ் ஏற்றது. பழைய உராய்வு வகை நெம்புகோலில் கனம் தோன்றின், முதலில் அதன் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பார்க்க. மிகத் தளர்த்தினால் நெம்புகோல் தானே நழுவிச் சங்கிலி இடம் மாறிவிடும்.

தவிர்க்க வேண்டியவை

இறுகிய நெம்புகோலைக் குறடு கொண்டு தள்ளுதல் முதற்பிழை. பசையைக் கரைக்கத் துளியளவு திரவம் போதும். உடைந்த நாக்கைச் சேர்க்க எதுவும் போதாது.

சமையல் எண்ணெயைப் பயன்படுத்துதல் இரண்டாம் பிழை. வீட்டில் எளிதாகக் கிடைப்பதால் பலர் இதனை இடுவர். இட்ட அன்று வண்டி நன்றாக ஓடும். ஆனால் தாவர எண்ணெய்கள் பல, காற்றில் ஆக்ஸிஜனை ஏற்றுப் பிசினாக மாறும் இயல்புடையவை. ஆளி விதை எண்ணெய் சில நாட்களிலேயே தோலாகக் காய்வது இதற்குச் சான்று. தேங்காய் எண்ணெய் அவ்வாறு காய்வதில்லை. ஆயினும் ஏறக்குறைய 24 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே உறைந்துவிடும். வட மாநிலக் குளிர்காலத்திலும் மலைப்பகுதிகளிலும் அது நெம்புகோலை இறுக்கவே செய்யும்.

தின்னர், அசிட்டோன் போன்றவற்றை ஊற்றுதல் மூன்றாம் பிழை. அவை பிளாஸ்டிக் உறுப்புகளைக் கரைக்கும். பெட்ரோலைப் பயன்படுத்துதல் நான்காம் பிழை. அதன் ஆவி மிக எளிதில் தீப்பற்றும். கழுவிய அழுக்குத் திரவத்தைக் கிணற்றருகிலோ சாக்கடையிலோ ஊற்றுதலும் தகாது. மூடியுள்ள குப்பியில் சேர்த்து வைத்தல் வேண்டும்.

மீண்டும் பொருத்துதல்

சங்கிலி மிகச் சிறிய பின் பற்சக்கரத்திலும், கியர் மாற்றி அதற்குரிய இறுதிச் சொடுக்கிலும் இருக்கும்போது கம்பியைப் பொருத்துதல் வேண்டும். கேபிள் நுழையும் இடத்திலுள்ள சரிசெய் திருகை முழுதும் உள்ளே திருகிப் பின் ஒரு சுற்று வெளியே எடுக்க. கம்பியைக் கையால் நேராக இழுத்துப் பற்றுத் திருகை இறுக்குக. பின்னர்ப் பெடலைச் சுழற்றி ஒரு சொடுக்குத் தள்ளுக. சங்கிலி அடுத்த பற்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், சரிசெய் திருகை அரைச் சுற்று வெளியே திருகுக; ஒன்றைத் தாண்டி ஏற முயன்றால் உள்ளே திருகுக.

இத்துல்லியம் எத்தகையது என்பதற்கு ஒரு கணக்கு உதவும். பரவலாக வழங்கும் 8 பற்சக்கர அமைப்பொன்றில், ஒரு சொடுக்கு ஏறக்குறைய 2.8 மி.மீ. கம்பியை இழுக்கிறது. சங்கிலி நகர்த்தி அதனை ஏறக்குறைய 1.7 மடங்காக்கி, பற்சக்கரங்களின் இடைவெளியாகிய 4.8 மி.மீ. தூரம் நகர்கிறது. ஆகவே கம்பியில் 1 மி.மீ. தளர்ச்சி இருப்பினும், ஒரு சொடுக்கில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் வீணாகிறது.

இவையனைத்தையும் செய்த பின்னரும் நெம்புகோல் பற்றாவிடில், வில் முறிந்தோ பல் தேய்ந்தோ இருத்தல் கூடும். அப்போது புதிய கியர் மாற்றி வாங்குதல் தவிர்க்க முடியாதது. ஆனால் அம்முடிவு சோதனைக்குப் பின் வந்த முடிவாக இருக்கும். ஊகத்தால் வந்ததாக இராது.

வகுப்பறைச் சோதனைகள்

இப்பாடத்தை ஆசிரியர்கள் எளிய பொருள்களைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது: நீர் நிரப்பிய சிறிய குப்பியைக் கயிற்றில் கட்டி, கிடையாக நிறுத்திய வழவழப்பான குழாயின் மீது கயிற்றை இடுக. முதலில் அரைச் சுற்றாகவும், பின்னர் ஒன்றரைச் சுற்றாகவும் இட்டு, குப்பியை மேலே இழுக்கத் தேவைப்படும் விசையைச் சுருள்வில் தராசால் அளந்து மாணவர் ஒப்பிடுவர். கயிறு ஈரமாகவும் அழுக்காகவும் இருக்கும்போது அளவு மாறுவதனையும் காணலாம்.

இரண்டாவது: மை ஒற்றும் தாளின்மீது சிறிது கிரீஸை வைத்து ஒரு நாள் விடுக. கிரீஸைச் சுற்றி எண்ணெய் வளையம் பரவியிருக்கும். நடுவில் கெட்டிப்பகுதி எஞ்சியிருக்கும். கிரீஸ் ஒரு கலவை என்பதும், அதிலிருந்து எண்ணெய் பிரியும் என்பதும் விளங்கும்.

மூன்றாவது: இரு தகர மூடிகளில் ஒன்றில் ஆளி விதை எண்ணெயையும் மற்றொன்றில் தையல் யந்திர எண்ணெயையும் மெல்லிய படலமாகத் தடவி இரு வாரங்கள் திறந்து வைக்க. முன்னது ஒட்டும் தோலாகிவிடும். பின்னது திரவமாகவே இருக்கும். மசகு எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதனால் தெளிவாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கேபிளில் அழுக்கு சேரும்போது, சங்கிலி சிறிய பற்சக்கரத்திற்குத் திரும்புதல் முதலில் பாதிக்கப்படுவது ஏன்?

2. ஒரு கியர் மாற்றியின் நெம்புகோல் எதனையும் பற்றாமல் எளிதாக ஆடுகிறது. அஃது உடைந்துவிட்டது என உடனே முடிவு செய்தல் ஏன் பொருந்தாது?

3. சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்தில் வைத்து, சக்கரத்தை நிறுத்திய பின் கியர் மாற்றியைச் சொடுக்கினால் கம்பி தளர்வது எவ்வாறு?

4. கியருக்குரிய அவுட்டரைப் பிரேக்கிற்குப் பயன்படுத்துதல் ஏன் ஆபத்தானது?

5. பள்ளியிலோ அலுவலகத்திலோ பயன்படாது நிற்கும் கியர் மிதிவண்டி ஒன்றைத் தேர்ந்து, மூன்று சோதனைகளையும் வரிசையாகச் செய்து, குற்றம் உள்ள உறுப்பையும், அம்முடிவுக்கு வந்த காரணத்தையும் எழுதுக.